எழுத வராத நாட்களுக்கு: மணலில் ஊற்று தோண்டும் பயிற்சிகள்

பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மேலே எல்லாம் காய்ந்து கிடக்கும். கையால் ஒரு முழம், இரண்டு முழம் தோண்டினால் மணலின் நிறம் மாறும். அப்புறம் குழியின் அடியில் மெல்லக் கசியும். முதலில் வருவது கலங்கல் தண்ணீர். அதைக் கொட்டாங்குச்சியால் அள்ளி வெளியே ஊற்ற வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி அள்ளி ஊற்ற வேண்டும். மூன்று நான்கு முறைக்குப் பிறகுதான் அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும். சின்ன வயதில் பாட்டியோடு குடம் எடுத்துக்கொண்டு போவேன். கலங்கலைப் பார்த்துவிட்டு, "இங்கே தண்ணீர் இல்லை" என்று பாட்டி ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை.

எழுத உட்காரும்போது நாம் அப்படி எழுந்து வந்துவிடுகிறோம். முதல் நான்கு வரி கலங்கலாக இருக்கிறது, அடித்துவிட்டு நோட்டை மூடுகிறோம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கலங்கலை அள்ளி ஊற்றுவதற்கான வழிகள்தான். புதிதாக எழுத வந்தவர்களுக்கும், எழுதிக்கொண்டிருந்து நின்றுபோனவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வேலூரில் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். சிறுகதை எழுதுவேன். முதல் கதை ஒரு பத்திரிகையில் வந்தது. அடுத்தது அதைவிட நன்றாக வரவேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒன்றரை வருடம் ஒரு வரி நகரவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படவேண்டாம் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுடையது எந்தத் தடை?

இதற்கு "ரைட்டர்ஸ் பிளாக்" என்று பெயர் வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனநல மருத்துவர், 1940-களில். பெயர் ஒன்றுதான் என்றாலும் உள்ளே பல விதம் இருக்கிறது. எழுதினால் நன்றாக வராது என்ற பயம் ஒன்று. எழுத விஷயமே இல்லை என்ற எண்ணம் இன்னொன்று. வெறும் உடல் அசதியாகவும் இருக்கலாம். அசதி என்றால் தூங்குங்கள், பயிற்சி எதுவும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அதை எழுத்துப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்த ஊரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது.

நான்காவது விதம் ஒன்று உண்டு. இந்த ஊர்க்காரர்களை அது ரொம்பப் படுத்துகிறது: விஷயம் பெரிதாகிப்போவது. வேலூரில் எழுத ஆரம்பிக்கிற பாதிப் பேருக்குக் கோட்டையைப் பற்றி நாவல் எழுத ஆசை. எனக்கும் இருந்தது. 1806 ஜூலை 10, சிப்பாய்களின் எழுச்சி. மூன்று மாதம் குறிப்பு எடுத்தேன். திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது, விடியும் முன்பே சண்டை தொடங்கியது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார் என்று நோட்டு நிரம்பியது. நாவலின் முதல் வரி மட்டும் வரவே இல்லை. இவ்வளவு பெரிய கோட்டையை ஒரே நாளில் யாராலும் தூக்க முடியாது. சிப்பாய்களை ஆத்திரப்படுத்தியவற்றில் ஒன்று, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை. பல மாதம் கழித்து ஒரு நாள் காலை அதைப் பற்றி மட்டும் எழுதினேன். அதைத் தலையில் வைத்தால் நெற்றியில் எங்கே உறுத்தும், வியர்த்தால் என்ன ஆகும், கழற்றி எங்கே வைப்பான். ஒரு பக்கம் வந்தது. உங்கள் விஷயம் பெரிது என்றால், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை அதிலிருந்து பிரித்து எடுங்கள். இப்போதைக்கு அது போதும்.

நோட்டும் நேரமும்

விலை உயர்ந்த டைரி வாங்காதீர்கள். நல்ல தாளில் கெட்ட வரி எழுதக் கை கூசும். பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு போதும். செல்போனில் தமிழ் தட்டச்சு உங்களுக்கு ஓடுகிறது என்றால் அதிலும் எழுதலாம். எழுத்தைத் தேடித் தேடித் தட்டுபவராக இருந்தால் கையால் எழுதுங்கள். விரல் தடுமாறுகிற நேரத்தில் வரி மறந்துபோகும்.

நேரம் ஒன்றாக இருக்கட்டும். அதைத் தனியாகத் தேடாமல், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். நான் மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும் வரை எழுதுவேன். நம் ஊரில் அக்னி நட்சத்திரக் காலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த மாதத்தில் மதியம் எழுதுவேன் என்று சபதம் எடுப்பவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள். விடியற்காலை, இல்லையென்றால் ராத்திரி.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதினார். வேலைக்குப் போகிறவர்களாலும் முடியும் என்பதற்காக அவரைச் சொல்கிறேன். அந்தக் கணக்கைப் புதியவர்கள் பின்பற்ற வேண்டாம். பத்து நிமிடம் என்பது தினமும் தவறாமல் செய்யக்கூடிய அளவு, இந்த மாதத்துக்கு அதுவே வேண்டும்.

முதல் வாரம்: பேனாவை எடுக்காமல் எழுதுவது

செல்போனில் பத்து நிமிட அலாரம் வையுங்கள். எழுத ஆரம்பியுங்கள். அலாரம் அடிக்கும் வரை பேனா நிற்கக்கூடாது. அடிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, மேலே போய்ப் படிக்கக்கூடாது. ஒன்றும் தோன்றவில்லை என்றால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருங்கள். அமெரிக்காவில் பீட்டர் எல்போ என்ற பேராசிரியர் 1970-களில் பரவலாக்கிய முறை இது. செய்து பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். என் மூன்றாம் நாள் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"மணி அஞ்சு பத்து. ஒண்ணும் வரல. ஒண்ணும் வரல. மோட்டார் சத்தம். மேல தண்ணி விழற சத்தம். இன்னா எழுதறது. நேத்து ராத்திரி ஒரு அம்மா வந்து ரூம் கேட்டாங்க. இந்தில கேட்டாங்க. கைல ஃபைல் இருந்துச்சு. ஃபைல கீழ வைக்கல. கொழந்தயத் தூக்கிக்கினு நிக்கற மாதிரி நெஞ்சோட புடிச்சிக்கினு நின்னாங்க."

முதல் ஐந்தாறு வரி கலங்கல். கடைசி வரியில் தண்ணீர் தெளிந்திருக்கிறது. கதை எழுதலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வரி எனக்கு வந்திருக்காது, முதல் "ஒண்ணும் வரல"விலேயே நோட்டை மூடியிருப்பேன்.

அந்தப் பக்கம் எந்தத் தமிழில் இருக்கிறது என்று பாருங்கள். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம்மைப் போன்றவர்களுக்குத் தடையில் பாதி இங்கேதான் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், பள்ளியில் எழுதிப் பழகியது இன்னொரு தமிழ். வீட்டில் "இன்னா", "வந்துக்கினு", "கூட்டினு போ" என்கிறோம். பேனாவை எடுத்ததும் பொதுக்கட்டுரைத் தாள் எழுதிய கை முன்னால் வந்து, "அம்மையார் ஒருவர் வருகை புரிந்தார்" என்று எழுதுகிறது. அந்த அம்மா அங்கேயே காணாமல் போய்விடுகிறார். மனதில் தோன்றிய வரியை வேறு தமிழுக்கு மாற்றி மாற்றி எழுதுவதால்தான் கை தயங்குகிறது, களைப்பும் வருகிறது. வட ஆற்காட்டுப் பேச்சு எழுதத் தகுதியில்லாதது என்று நமக்குள்ளேயே ஒரு கூச்சம் வேறு. முதல் வாரம் முழுக்க நாக்கில் வருகிறபடியே எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது பிறகு செய்யும் வேலை. மாற்றும்போதும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

எழுத்துப் பிழையும் அப்படித்தான். சின்ன ரவா பெரிய றவா, வல்லினம் மிகுமா மிகாதா என்று பாதி வரியில் நிற்காதீர்கள். இலக்கணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒற்றுப்பிழை இல்லாத பக்கம் ரொம்பப் பிடிக்கும். அதற்கு நான்காவது வாரத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

நேற்றைய கடைசிச் சொல்

வெற்றுத்தாள்தான் மிகப்பெரிய பயம். அதற்குத் தமிழிலேயே பழைய மருந்து இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அமைப்பு. இதைத் தினப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று எந்தச் சொல்லில் நிறுத்தினீர்களோ, இன்று அந்தச் சொல்லில் தொடங்குங்கள். திங்கட்கிழமை என் பக்கம் "குடை" என்று முடிந்தது. செவ்வாய்க்கிழமை, "குடையை யாரோ 108-ஆம் அறையில் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள்" என்று ஆரம்பித்தேன். அது பழைய சாமான் அலமாரிக்குப் போனது. அந்த அலமாரியில் விட்டுப்போன ஊன்றுகோல் இரண்டு இருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டையும் விட்டுப்போனவர்கள் நன்றாக நடந்து போனவர்களா என்று யோசித்தபடியே பத்து நிமிடம் ஓடிவிட்டது.

ஹெமிங்வே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிடுவாராம். அந்தாதிப் பயிற்சியும் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம்: ஒரே பொருள், பதினைந்து வரி

வீட்டில் இருக்கிற ஒரு பொருளை எடுத்து முன்னால் வையுங்கள். அதைப் பற்றிப் பதினைந்து வரி. இரண்டு கட்டுப்பாடு: "அழகான", "அற்புதமான" போன்ற சொற்கள் கூடாது, "போல", "மாதிரி" கூடாது. கண்ணுக்கும் கைக்கும் தெரிவது மட்டும்.

நான் எடுத்தது முள் கத்தரிக்காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் காய், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது. முதல் ஐந்து வரி யார் எழுதினாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: நிறம், அளவு, பளபளப்பு. ஆறாவது வரியில் திணறினேன். வேறு வழியில்லாமல் காம்பைப் பார்த்தேன். காம்பில் முள். காயின் தலையில் கவிழ்ந்திருக்கும் பச்சைத் தொப்பியிலும் முள். அம்மா இதைப் பையிலிருந்து எடுக்கும்போது காம்பைத் தொடமாட்டார், அடியைத் தாங்கித்தான் எடுப்பார். அரிவாள்மணையில் வைத்ததும் முதலில் தொப்பியைத்தான் நறுக்குவார், அப்போது விரல் நுனி மடங்கியிருக்கும். பத்தாவது வரி வந்தபோது நான் காயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கவில்லை. அம்மாவின் பெருவிரல் ஓரத்தில் ஒரு பழைய கீறல் இருப்பதை முப்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எழுதினேன்.

பதினைந்து வரி என்று சொல்வது இதற்காகத்தான். நமக்கு ஏற்கெனவே தெரிந்தது ஏழெட்டு வரியில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் உண்மையாகவே பார்க்க வேண்டும். விஷயமே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது வரியில் நிறுத்துபவர்கள். அரிசி அளக்கும் படி, செருப்பு, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை என்று தினம் ஒன்று எடுங்கள்.

மூன்றாம் வாரம்: காதும் கட்டுப்பாடும்

இந்த வாரம் மாற்றி மாற்றிச் செய்யலாம். ஒரு நாள் கேட்பது. பஸ் ஸ்டாண்டிலோ, காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்திலோ, டீக்கடையிலோ பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கேட்ட பேச்சில் மூன்று வரியை வீட்டுக்கு வந்ததும் அப்படியே எழுதுங்கள். யார் பேசினார்கள் என்று விளக்க வேண்டாம், பேச்சு மட்டும். எங்கள் லாட்ஜ் இருக்கும் தெருவில் வங்காளியில் போர்டு எழுதியிருக்கும், கடுகெண்ணெய் விற்பார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். புரியாத மொழியாக இருந்தாலும், பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலிருந்து அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று ஓரளவு தெரிந்துவிடும். அதையும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கஷ்டத்தில் இருப்பவர்கள். பெயர், ஊர், நோய், அறை எண் எதையும் உள்ளபடி எழுதாதீர்கள், நோட்டில்கூட. நான் மேலே சொன்ன 108-உம் மாற்றிய எண்தான். எழுதுவதற்காக யாரையும் துருவிக் கேள்வி கேட்பதும் கூடாது.

இன்னொரு நாள் உயிரெழுத்துப் பயிற்சி. அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஒவ்வொரு வரியும் தொடங்க வேண்டும். ஔ மட்டும் விருப்பம் போல, ஒரு ஔவையோ ஔஷதமோ கிடைத்தால் சரி, இல்லையென்றால் ஓ-வோடு முடித்துக்கொள்ளலாம். ஒரு மாதிரி:

அறை வாடகை எவ்வளவு என்றார் பெரியவர்.
ஆறு நாளா, பத்து நாளா, அவருக்கே தெரியவில்லை.
இரண்டு பை, ஒரு பாய், ஒரு ஸ்டவ்.
ஈரத்துண்டு தோளில்.
உள்ளே போனதும் ஜன்னலைத் திறந்தார்.
ஊரில் இந்நேரம் மழை பெய்யும் என்றார்.

அடுத்து எந்த எழுத்து என்ற கவலையில், நன்றாக வருமா என்ற கவலை ஓடிவிடுகிறது. "ஈ"யில் என்ன சொல்வது என்று தேடியதால்தான் அந்த ஈரத்துண்டு கிடைத்தது.

மூன்றாவது, இல்லாதவற்றின் பட்டியல். நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. அந்த அச்சிலேயே உங்கள் வீட்டைப் பற்றி, தெருவைப் பற்றி, உங்களைப் பற்றிப் பத்து "இல்லாத" எழுதுங்கள். எழுதி முடித்ததும், அதில் இப்போது பொய்யாகிவிட்டது எது என்று பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் 1981-ல் லிங்கம் வந்துவிட்டது. பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே போனது, பாலத்தின் மேல் நின்று கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். ஊரைப் பற்றிச் சொல்லிவைத்த வாசகம் அப்படியே இருக்கிறது, ஊர் மாறிவிட்டது. அந்த இடைவெளியில் எழுத நிறைய கிடைக்கும்.

ஒரு நாள் விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், இரட்டை ஷிப்ட் வரும். மறுநாள் இருபது நிமிடம் எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் சேர்ந்தால் நோட்டைப் பார்க்கவே பயம் வரும். கடைசியாக எழுதிய சொல்லை எடுத்துத் தொடங்குங்கள், அவ்வளவுதான். நேரமே இல்லாத நாளில் ஒரு வரி எழுதினாலும் அன்றைய கணக்கு முடிந்தது.

இந்த மூன்று வாரத்தில் யாரிடமும் காட்ட வேண்டாம். நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், அடுத்த நாள் அவர்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவோம். நான் மூன்றாம் நாள் பக்கத்தை இப்போது காட்டியிருப்பது, எழுதி இரண்டு வருடம் ஆன பிறகு.

நான்காம் வாரம்: திரும்பிப் பார்ப்பது

இப்போது நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கையில் ஒரு பென்சில். எங்கே நீங்களே ஒரு நொடி நின்றீர்களோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு. இருபது பக்கத்தில் நான்கைந்து கோடு விழுந்தால் அது நல்ல அறுவடை. அவற்றில் ஒன்றை எடுத்துப் புதுத் தாளில் மேலே எழுதி, இந்த வாரம் ஏழு நாளும் அதையே எழுதுங்கள். முதல் நாள் அதற்கு முன்னால் என்ன நடந்தது, இரண்டாம் நாள் அதற்குப் பின்னால், மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த இன்னொருவர் கண்ணிலிருந்து. நான்காம் நாள் மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். ஐந்தாம், ஆறாம் நாள் திருத்தம்: வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தில் வரியை மாற்றுங்கள். ஒற்று, ர-ற, ன-ண எல்லாம் ஏழாம் நாள். சந்தேகம் வந்தால் அகராதி பாருங்கள், இல்லையென்றால் தமிழாசிரியர் ஒருவரைக் கேளுங்கள். நம் ஊரில் தமிழாசிரியர்களுக்குக் குறைவில்லை, கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

ஏழாம் நாள் முடிவில் உங்கள் கையில் இருப்பது கதையாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம், ஒரே ஒரு நல்ல பத்தியாகவும் இருக்கலாம். ஃபைலை அணைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மா எனக்கு ஐந்து பக்கக் கதையாக வந்தார், ஊரும் உருவமும் மாறி. கத்தரிக்காய் இன்னும் அந்தப் பதினைந்து வரியாகவேதான் இருக்கிறது. அதற்கு ஒன்றும் அவசரம் இல்லை.

நோட்டு தீர்ந்ததும் அட்டையில் தேதி போட்டு வைத்துவிட்டு, அன்றைக்கே அடுத்த நோட்டை வாங்கிவிடுங்கள். பழைய நோட்டின் கடைசிச் சொல்லைப் புதிய நோட்டின் முதல் பக்கத்தில் உடனே எழுதி வையுங்கள், வெற்றுத்தாளாக ஒரு ராத்திரிகூட அது கிடக்க வேண்டாம். இன்று என் பக்கம் "சாவி" என்ற சொல்லில் நின்றிருக்கிறது. நாளைக் காலை மோட்டார் போட்டதும் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.